அரை செகண்ட்

லிஃப்டின் கதவு மூடியதும் விசில் மேடத்தின் கட்டைவிரல் கழுத்தில் தொங்கும் ஸ்டாப்வாட்சை அழுத்துகிறது. மூன்றாம் மாடியில் கதவு திறந்ததும் மறுபடி ஓர் அழுத்து. "இருபத்திரெண்டரை செகண்ட்," என்று பக்கத்தில் நிற்பவரிடம் அறிவிக்கிறார். அவர் கேட்டாரா இல்லையா என்பதெல்லாம் இவருக்குக் கவலை இல்லை. "நேத்து பரவாயில்லாம இருந்துச்சு. இன்னிக்கு ஒரே சோம்பேறித்தனம்." பக்கத்தில் நிற்பவர் லிஃப்டுக்குப் பதிலாகத் தானே கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிப் போகிறார். குனிந்து வாட்சைப் பார்த்திருந்தால் அதில் இருபத்திரண்டு என்றுதான் இருந்திருக்கும். ஆனால் ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி நேரம் சொன்னால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

இது லிஃப்டோடு நிற்கிற சமாசாரம் இல்லை. கேன்டீனில் டீ கைக்கு வர எவ்வளவு நேரம், நூலகர் புத்தகத்தில் முத்திரை குத்த எவ்வளவு நேரம், புள்ளியியல் எடுக்கும் ஆசிரியை வருகைப்பதிவை முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்ள எவ்வளவு நேரம், எல்லாம் அந்த வாட்சுக்குள் போய்த்தான் வெளியே வரும். வரும்போது கொஞ்சம் ஊதிப் போய்த்தான் வரும். கூட்டாமல் சொன்னால் அவருக்கு வாய் அரிக்குமோ என்னவோ.

விசில் மேடத்துக்கு ஐம்பதைத் தொட இரண்டு வருஷம் பாக்கி. பொது நீச்சல்குளம் ஒன்றில் இருபத்து நான்கு வருஷம் பயிற்சியாளராக இருந்தவர். இப்போது விளையாட்டு உளவியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு. வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பேர்; மற்ற பதினொரு பேரில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே இவர் பிள்ளைகளைத் தண்ணீரில் தள்ள ஆரம்பித்துவிட்டார். தோள் இரண்டும் அகலம். நடக்கும்போது ரப்பர் செருப்பு கீச்சுக் கீச்சென்று கத்தும். எந்தத் தண்ணீரும் இல்லாத வகுப்பறைக்கு வரும்போதுகூடப் பையில் ஒரு துண்டு இருக்கும். கேட்டால், "இருக்கட்டுமே, அது என்ன சோறா கேக்குது?" என்பார்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. படிக்க வந்த முதல் வாரம். மாடிப்படிகளை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். யாரோ ஒரு மாணவி கைநிறையக் காகிதங்களோடு தடதடவென்று ஓடி இறங்கினாள். அவ்வளவுதான். பைக்குள் கிடந்த விசில் எப்படி வாய்க்கு வந்ததென்று இவருக்கே தெரியாது. ஊதிய ஊதலில் மூன்று மாடியும் அப்படியே உறைந்துபோய் நின்றது. "ஓடாத! ஈரத்துல ஓடாதன்னு எத்தன தடவ சொல்றது!" துறைத்தலைவர் பாதி கடித்த பிஸ்கட்டும் கையுமாக அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். "மன்னிச்சுக்கோங்க சார், கீழ தண்ணியா இருந்துச்சு. கை தானா வாய்க்குப் போயிடுச்சு," என்று இவர் வழிந்தார். அன்று மத்தியானத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. இவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

படிப்பு என்னவோ அவ்வளவு சுலபமாக ஒட்டவில்லை. விரல் ஒன்றால் தட்டச்சு. புள்ளியியல் என்றால் பயம். அதற்கும் மேலே கண். புத்தகத்தை முகத்திலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் கை முழுசாக நீண்டுவிடும். அப்புறமும் எழுத்து நீந்தும். "கை நீளம் பத்தலையே, என்ன பண்றது?" என்று சிரிப்பார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லாதவர்கள் யாரும் இல்லை. போட்டுக்கொள்வதில் ஒரு சங்கடம் இருந்தது. கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிற கடை ஒன்றை நடத்துவதே அவருடைய அக்கா மகள்தான். அவளை விட்டுவிட்டு வேறு கடைக்குப் போனால் அக்கா வீட்டை இரண்டாக்கிவிடுவாள். அவள் கடைக்கே போகலாம் என்றால், அங்கே கண் பார்க்கிற அறை சின்ன அறை. கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கை அணைத்து, இரண்டே பேர் முட்டிக்கு முட்டி உட்கார வேண்டும். அந்தப் பெண்ணோடு தனியாக ஓர் அறையில் உட்காருவதை விசில் மேடம் பன்னிரண்டு வருஷமாகத் தவிர்த்து வருகிறார். ஆகவே கை நீண்டுகொண்டே போனது.

இந்த வயதில் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். குளோரின் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவரிடம். சும்மா இருந்தால் உடம்பு பெருத்துவிடுமாம், இது இன்னொருவரிடம். அக்காவிடம் சொன்னது, "பதவி உயர்வுக்கு உதவும்." உண்மைக் காரணத்தைத் துறை நேர்காணலில்கூடச் சொல்லவில்லை. தான் செய்த ஒரு காரியத்துக்குப் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார்.

அந்தக் காரியம் என்ன என்பது முதலில் பிடிபட்டது ஹாக்கியிடம். வகுப்பில் எல்லாருக்கும் அவரவர் விளையாட்டே பெயர். ஹாக்கி இருபத்து மூன்று வயதுப் பெண். கோல் காத்துக் காத்து முட்டி போய், படிக்க வந்தவள். விசில் மேடத்தோடு தினமும் டீ குடிக்கிறவள் அவள்தான். முதலாண்டுக் கடைசியில் அவளுக்கு ஒரு கருத்தரங்கு உரை, பத்தே நிமிஷம். தாழ்வாரத்தில் ஒத்திகை பார்த்தாள். இவர் வாட்சோடு நின்றார். முடித்ததும், "பத்து இருவது. வெட்டு," என்றார். வெட்டிவிட்டு மறுபடி பேசினாள். "பத்து அஞ்சு. இன்னும் வெட்டு." மறுநாள் மேடையில் அவள் எட்டரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். "ஆய்வோட முடிவு எங்கம்மா? அதச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டார் புள்ளியியல் ஆசிரியை. அதைத்தான் வெட்டியிருந்தாள். மதிப்பெண் அடி வாங்கியது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது ஹாக்கி வாட்சை வாங்கிச் சும்மா பித்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். பழைய ஓட்டங்களையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிற வாட்ச் அது.

"மேடம், இதுல ஒம்பது அம்பதுன்னு இருக்கே?"

விசில் மேடம் டம்ளருக்குள் பார்த்தார்.

"அடுத்தது ஒம்பது இருவது! அப்ப பத்து அஞ்சுன்னு எங்கேருந்து எடுத்தீங்க?"

"வேணும்னு பண்ணலம்மா. பழக்க தோஷம். வாய் தானா கூட்டிடுது. கூட்டிச் சொன்னாத்தான் ஆளு இன்னும் கொஞ்சம் தம் பிடிச்சு வேகமாப் போகும்."

"நான் வேகமாப் போகல மேடம். வேண்டியத வெட்டிப் போட்டுட்டேன்." ஹாக்கிக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. "அடப்பாவமே, இப்படி இன்னும் எத்தன பேருக்குக் கூட்டிச் சொல்லியிருக்கீங்க?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். விசில் மேடம் டீயைக் குடிக்காமலே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை பேருக்கு? குளத்துக்கு வந்த எல்லாருக்கும்தான். இவருக்குப் பயிற்சி கொடுத்தவர் இவருக்குச் செய்ததை இவர் பிள்ளைகளுக்குச் செய்தார், அவ்வளவே. நூறு மீட்டர் நீந்தி, சுவரைத் தொட்டு, மூச்சு வாங்க வாங்கத் தலையைத் தூக்கி, "எவ்வளவு கோச்?" என்று கேட்கும் பிள்ளையிடம் உண்மையான நேரத்தோடு அரை செகண்ட் கூட்டிச் சொல்வது. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தடவை இன்னும் வேகமாக அடிக்கும். போட்டியன்று பலகையில் சரியான நேரம் விழும்போது தன் கண்ணையே நம்பாமல் குதிக்கும். "அன்னிக்கு அதுங்க மூஞ்சியப் பாக்கணுமே!" என்பார் விசில் மேடம். அந்த மூஞ்சிக்காகவே அத்தனையும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கறுப்பு மையில் நிஜ நேரம், சிவப்பு மையில் சொன்ன நேரம். நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் பொருந்தி வர வேண்டுமே, அதற்காக.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. சுவரில் ஒரு பெரிய கடிகாரம் உண்டு, ஆனால் அதில் அரை செகண்டெல்லாம் தெரியாது. ஆகவே கரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "காட்டுங்க கோச், காட்டுங்க கோச்" என்று வாட்சை எட்டிப் பார்ப்பார்கள். இவர் அதை உள்ளங்கைக்குள் திருப்பிக்கொள்வார். எட்டிப் பார்க்காத பிள்ளை ஒன்றே ஒன்று. அக்கா மகள்.

வீட்டில் அவளுக்குத் தவளை என்று பெயர். மூன்று வயதில் தொட்டியில் விழுந்தபோது கால் இரண்டையும் அகட்டி அகட்டி உதைத்து, தானே மேலே வந்தவள். குளத்தில் இவரை அவள் 'கோச்' என்றுதான் கூப்பிட வேண்டும், வீட்டில் 'சித்தி'. நடுவில் பஸ்ஸில் வரும்போது எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் மூக்கால் அழுதுகொண்டு எழுந்து வருவாள். தண்ணீரைக் கண்டதும் அழுகை எங்கே போகுமோ தெரியாது. நேரம் சொன்னால் கேட்டுக்கொள்வாள். "வாட்ச எட்டிப் பாரேன்டி" என்று மற்றப் பிள்ளைகள் உசுப்பினால், "எதுக்கு? கோச் சொன்னா சரிதான்," என்பாள். அந்தச் சொல் இப்போதும் விசில் மேடத்தின் காதில் கிடக்கிறது.

அவளுக்குப் பதினாறு வயதில் ஒரு பெரிய தேர்வுப் போட்டி வந்தது. நூறு மீட்டரை ஒரு நிமிஷம் இரண்டு செகண்டுக்குள் முடிக்கிற பெண்களுக்குத்தான் அதில் வழி. கடைசி மூன்று வாரத்தில் தவளை அந்தக் கோட்டுக்குக் கீழே ஏழு தடவை வந்துவிட்டாள். நோட்டில் கறுப்பு மையில் 1:01.9, 1:01.9, 1:01.8. பக்கத்தில் சிவப்பு மையில் 1:02.4, 1:02.4, 1:02.3. சித்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதை மூடி மறைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. போட்டியன்று பலகையைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் எப்படி விரியும் என்று நினைத்து நினைத்துத் தூக்கத்தில்கூடச் சிரித்திருக்கிறார்.

போட்டிக்கு எட்டு நாள் இருந்தபோது, ஒரு காலை, தவளை நீந்தி முடித்துக் கரையேறினாள். மறுபடி இறங்கவில்லை. நீச்சல் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப எவ்வளவு கோச்?"

"ரெண்டு புள்ளி நாலு."

"என்னால முடியல. எவ்வளவு அடிச்சாலும் அந்த அரை செகண்ட் போகவே மாட்டேங்குது."

விசில் மேடம் வாயைத் திறந்தார். பக்கத்துப் பாதையில் இரண்டு பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு மிதந்தார்கள். இவளிடம் இப்போது உண்மையைச் சொன்னால் அன்றைக்கே குளம் முழுவதற்கும் தெரியும். கோச் சொல்கிற நேரமெல்லாம் பொய் என்று இருபது முப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அப்புறம் யார் இவர் பேச்சை நம்புவார்கள்? நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். "அழுது முடிச்சிட்டு எறங்கு," என்று மட்டும் சொன்னார்.

அந்த 'நாளைக்கு' அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நீச்சல் உடையையும் தொப்பியையும் அம்மாவிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டாளாம். சித்தி அவளைத் தேடி வீட்டுக்குப் போனார், அவள் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நிம்மதியா இருக்கு சித்தி," என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது? போட்டி முடியட்டும் என்று தள்ளினார். போட்டியில் கடைசி இடத்தில் தேர்வான பெண்ணின் நேரம் ஒரு நிமிஷம் ஒன்று புள்ளி ஒன்பது. அதைப் பலகையில் பார்த்தபடி அரங்கத்தில் தனியாக நின்றார். இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று அன்று தோன்றியது. அப்படியே பரீட்சை வந்தது, கல்லூரி வந்தது, கடை வந்தது. சொல்லாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கஷ்டமாக்கிக்கொண்டே போனது. ஏன் அன்றைக்கே சொல்லித் தொலைக்கவில்லை என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அவரும் பன்னிரண்டு வருஷமாகத் தன்னைத்தானே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதில் கொடுமை எது தெரியுமா? அந்தப் பெண்ணுக்குச் சித்தி மேல் நன்றி. உறவுக்காரர்கள் கூடுகிற இடத்தில் யாராவது நீச்சல் பேச்சை எடுத்தால் போதும், "எல்லாரும் நீ பெரிய ஆளா வருவேன்னு ஏத்தி விட்டாங்க. சித்தி மட்டும்தான் உள்ளத உள்ளபடி சொன்னாங்க. அதனாலதான் நேரத்தோட படிப்புப் பக்கம் திரும்பினேன்," என்பாள். அக்காவும் கூடச் சேர்ந்துகொள்வாள்: "என் தங்கச்சிக்கு ஒளிச்சு மறைச்சுப் பேசவே வராது." அப்போதெல்லாம் விசில் மேடத்துக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனால் பேச்சு மாறும்வரை வெளியே வர மாட்டார்.

தான் செய்ததற்குப் பெயர் இருக்கிறது என்பதை முதலாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். பொய்யான நேரம் சொன்னால் சிலர் முன்பைவிட வேகமாகப் போகிறார்கள், சிலர் கைவிட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. கடைசியில் இரண்டு சொல்: 'ஆளைப் பொறுத்தது.' கையை முழுசாக நீட்டி அந்த இரண்டு சொல்லையும் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். இருபத்து நான்கு வருஷத்தில் எந்த ஆள் எப்படி என்று அவர் ஒரு தடவையும் கேட்டுக்கொண்டதில்லை. எல்லாருக்கும் ஒரே அரை செகண்ட்.

ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டபோது அதையே எடுத்தார்: நீந்துகிறவர்களிடம் நேரத்தை மாற்றிச் சொன்னால் என்ன ஆகிறது. வழிகாட்டி ஒல்லியான இளைஞர், இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். இவர் அவரை 'சார்' என்பார், அவர் இவரை 'மேடம்' என்பார், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். மனிதர்களிடம் பொய் சொல்கிற ஆய்வு என்றால் நெறிமுறைக் குழு ஒரு படிவம் கேட்கும். ஒன்பது பக்கம். எட்டை இவர் ஒற்றை விரலால் தட்டி முடித்துவிட்டார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கட்டம் மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்தது. 'பங்கேற்பவரிடம் உண்மை எப்போது, எப்படித் தெரிவிக்கப்படும்?'

"மேடம், வெள்ளிக்கிழமை கடைசி நாள்," என்றார் வழிகாட்டி. "இது ஒரு கட்டம்தானே?"

"ஆய்வு முடிஞ்சதும்னு எழுதிடட்டுமா சார்?"

"முடிஞ்சதும்னா எப்போ? அன்னிக்கேவா? குழுல கேப்பாங்க." அவர் பென்சிலால் கட்டத்தின் ஓரத்தில் தட்டினார். "அப்புறம், நடுவுலயே விட்டுட்டுப் போறவங்க இருப்பாங்க இல்லையா? அவங்களுக்கு?"

"அவங்கதான் போயிட்டாங்களே சார்."

"அய்யோ, அப்படி விட முடியாது மேடம். நீங்க சொன்ன பொய்யினாலதான் அவங்க போனாங்களோ என்னவோ? தேடிப் போயாவது சொல்லணும். சொல்லப்போனா அவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

சின்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். விசில் மேடம் அன்று லிஃப்டில் இறங்கும்போது வாட்சை அழுத்த மறந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியில் அக்கா வீட்டில் நுழைந்து, கண்ணாடிக் கடைக்கு என்றதும் அவளுக்கு வாயெல்லாம் பல். "இப்பவாவது புத்தி வந்துச்சே! அவ எத்தன தடவ கேட்டா தெரியுமா, சித்தி ஏம்மா வரவே மாட்டேங்கறாங்கன்னு."

கடையில் பெரிய கூட்டம் இல்லை. விற்பனைப் பெண் ஒருவருக்கு ஃபிரேம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். தவளை, இப்போது இருபத்தெட்டு வயது, எல்லாருக்கும் 'டாக்டர்', சித்தியைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்தாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் உயர நாற்காலியில் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். எதிரே எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது. முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்துச் செருகினாள்.

"இது தெளிவா... இல்ல, இதுவா?"

"ரெண்டும் நல்லாத்தான்டி இருக்கு."

"எனக்கு சந்தோஷமா இருக்கட்டும்னு சொல்லாதீங்க சித்தி. தெரியறத சொல்லுங்க. நீங்க தப்பா சொன்னா நான் தப்பான கண்ணாடிதானே குடுப்பேன்? அப்புறம் தலவலின்னு நிப்பீங்க."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வில்லையை எடுத்தாள். விசில் மேடம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"தவள. உனக்கு நான் சொன்ன நேரம் எல்லாம் பொய்."

"எந்த நேரம்?"

பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். ஈரம் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் உப்பியிருந்த நோட்டு. "கறுப்பு மை நிஜம். சிவப்பு நான் உங்கிட்ட சொன்னது. எல்லாருக்கும் அரை செகண்ட் கூட்டித்தான் சொல்வேன். நீ அந்தக் கோட்டத் தாண்டிட்ட. ஏழு தடவ தாண்டின."

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். விரல் கறுப்பு வரிசை வழியாக மெதுவாக இறங்கியது. கடைசியில் எழுதிய பக்கத்தில் நின்றது.

"இது நான் நிறுத்தின அன்னிக்கா?"

"ஆமா."

"ஒண்ணு புள்ளி ஏழு."

"ஆமா. நீ நீந்தினதுலயே அதான் உன் நல்ல நேரம்." சோதனை ஃபிரேமுக்குள் கண்ணீர் இறங்கியது. அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "ரெண்டு புள்ளி நாலுன்னு சொன்னேன். அன்னிக்கு அரை செகண்டுக்கும் மேலயே கூட்டிட்டேன்."

வெளியே விற்பனைப் பெண் யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டு வருஷமா நான் ஒரு குளத்துப் பக்கம் போனதில்ல, தெரியுமா?" என்றாள் அக்கா மகள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "கூட்டாளிங்கல்லாம் கூப்பிட்டப்பகூடப் போகல. நமக்கு வராததுல போய் எதுக்கு நனையணும்னு இருந்தேன்."

"மன்னிச்சுடுன்னு கேக்க வரல. கேக்கறதுக்கு எனக்கு முகமும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க? உங்க பாரத்த எறக்கவா?"

"அதுவும்தான்," என்றார். "நடுவுல போனவங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு காலேஜ்ல ஒருத்தர் சொன்னாரு. நான் அத அன்னிக்கே செஞ்சிருக்கணும். நீ கரையில உக்காந்தியே, அன்னிக்கே. பயந்துட்டேன்டி. எம்பேரு கெட்டுடும்னு பயந்து உன்னக் கெடுத்துட்டேன்."

அவள் நோட்டை மூடினாள். திருப்பிக் கொடுக்கவில்லை, தன் மேஜையின் இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்துச் சாத்தினாள். பிறகு ஒரு பஞ்சை எடுத்து, ஃபிரேமைக் கழற்றி, வில்லைகளைத் துடைத்து, மறுபடி சித்தியின் மூக்கில் மாட்டினாள். கிட்டத்தில் வைத்துப் படிப்பதற்கான வில்லையை இரண்டு பக்கமும் செருகினாள். அவளுடைய விரல்கள் சில்லென்று இருந்தன.

"கிட்டத்துல எப்படித் தெரியுதுன்னு இன்னும் பாக்கல," என்றாள்.

கண் சோதனைக்குப் படிக்கக் கொடுக்கிற அட்டை மேஜை மேலேயே கிடந்தது. அதை அவள் எடுக்கவில்லை. சித்தியின் கழுத்திலிருந்து வாட்சைக் கழற்றினாள். ஓர் அழுத்து. எண்கள் ஓடின. சுவரைப் பார்த்துக்கொண்டே இன்னோர் அழுத்து. ஒரு முழத் தூரத்தில் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"படிங்க கோச்."

எண்கள் பளிச்சென்று தெரிந்தன. இத்தனை பளிச்சென்று பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. வாய் பழக்கத்தில் ஒரு முறை திறந்து மூடிக்கொண்டது. விசில் மேடம் இருந்ததை இருந்தபடி படித்தார்.

"பதினொண்ணு புள்ளி நாலு ஆறு."

அக்கா மகள் வாட்சைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.